பிடித்ததைச் சாப்பிடுங்கள்... பிடிக்காததை விடுங்கள்!

எடையைக் குறைப்பது என்று ஒருவர் முடிவெடுத்ததும் வீட்டில் முதலில் பிறப்பது தடை உத்தரவுதான். நாளையிலிருந்து பரோட்டா கிடையாது. பிரியாணி கிடையாது. வடை, போண்டா, அதிரசம், ஐஸ்கிரீம் எதுவும் கிடையாது. ராத்திரி சோறு கிடையாது, இரண்டே இரண்டு சப்பாத்தி. திங்கட்கிழமை தொடங்கும் இந்த விரதம் வியாழன்வரை வீராப்பாக ஓடும். வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் யாருக்காவது பிறந்தநாள், கேக் வெட்டுவார்கள். சனிக்கிழமை மண்டபத்தில் ரிசப்ஷன். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்காத வீடு எத்தனை இருக்கிறது? “இந்த வாரம் போச்சு, அடுத்த திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கலாம்” என்று கதை முடியும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அந்த அடுத்த திங்கட்கிழமைக்காகக் காத்திருப்பவர்கள் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள்.

“வாயைக் கட்டத் தெரியவில்லை” என்று இவர்களைச் சொல்லிவிடுவது சுலபம். அது நியாயமான பேச்சு இல்லை. இவர்களுடைய மன உறுதியில் குறை ஒன்றும் இல்லை, கையில் கொடுக்கப்பட்ட திட்டத்தில்தான் குறை. பிடித்த சாப்பாட்டுக்கு இடமே வைக்காத எந்த டயட்டும் நம் ஊரில், நம் குடும்பங்களில், ஆறு மாதம் தாங்காது. எடை குறைய வேண்டுமென்றால் ஆறு மாதமாவது தாங்கியே ஆக வேண்டும்.

குறைய வேண்டிய தேவையும் கொஞ்சநஞ்சம் இல்லை. 2019-21ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 40.4 சதவிகிதம் பேர் அதிக எடையுடனோ உடல் பருமனுடனோ இருக்கிறார்கள். ஆண்களில் 37 சதவிகிதம். அதற்கு முந்தைய ஆய்வில் பெண்களில் இது 30.9 சதவிகிதமாக இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘இந்தியாப்’ ஆய்வு 2023ல் வெளியானபோது, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. தராசு காட்டும் எடையைவிட வயிற்றுச் சதைதான் இந்தியர்களுக்குக் கூடுதல் ஆபத்து என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பது அவர்கள் போடும் கோடு. ஒரு தையல் டேப் இருந்தால் இன்றைக்கே அளந்துவிடலாம்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வாயைக் கட்டுவது மற்ற இடங்களைவிடச் சிரமம். விழுப்புரம் சென்னை, திருச்சி, புதுச்சேரி, காட்பாடி எனத் திசைக்கொரு தண்டவாளம் பிரியும் ஜங்ஷன். திண்டிவனம் சென்னை நெடுஞ்சாலையிலிருந்து புதுச்சேரிக்கும் செஞ்சிக்கும் மரக்காணத்துக்கும் சாலை பிரியும் ஊர். வண்டி நிற்கும் ஊரில் அடுப்பு அணையாது. விடியற்காலையில் இட்லி, பத்து மணிக்கு வடை, நாலு மணிக்கு பஜ்ஜி, ஆறு மணிக்குக் காளானும் சிக்கன் பக்கோடாவும், எட்டு மணிக்கு மேல் பரோட்டா. சீசன் டிக்கெட்டில் போய்வரும் ஊழியர் ஒருவர் வீட்டுக்கும் நடைமேடைக்கும் இடையே எத்தனை அடுப்பைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் ‘மாட்டேன்’ சொல்லிக்கொண்டே ஒருவரால் வாழ முடியாது. எதற்குச் ‘சரி’ சொல்வது என்பதை அவர் முன்கூட்டியே முடிவுசெய்து வைத்துக்கொள்ளலாம். அது முடியும்.

நனைந்த பிறகு முக்காடு

1975ல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவிகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லோர் முன்பும் ஐஸ்கிரீமை வைத்து, ருசி பார்த்துச் சொல்லுங்கள், வேண்டிய அளவு சாப்பிடலாம் என்றார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு வைத்துக்கொள்ளாத பெண்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்திருக்கிறது, அவ்வளவுதான். எப்போதும் வாயைக் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் நேர்மாறாக, மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இன்றைய கட்டுப்பாடு உடைந்துவிட்டது, இனி எவ்வளவு சாப்பிட்டால் என்ன என்ற மனநிலை. முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதேதான். ஹெர்மனும் மற்றோர் ஆய்வாளரான ஜேனட் போலிவியும் பிறகு பல ஆண்டுகள் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள்.

1991ல் ஜெர்மானிய ஆய்வாளர் யோஆகிம் வெஸ்டன்ஹோஃபர் இந்தக் கட்டுப்பாட்டையே இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தார். ஒன்று இறுக்கமானது: இது கூடாது, அது கூடவே கூடாது. இன்னொன்று நெகிழ்வானது: இதுவும் உண்டு, அளவாக உண்டு, ஒரு வேளை கூடினால் அடுத்த வேளை குறைத்துக்கொள்ளலாம். இறுக்கமானவர்களிடம் கட்டுப்பாடு உடைந்து அள்ளிச் சாப்பிடும் போக்கு அதிகமாக இருந்தது. நெகிழ்வானவர்களிடம் அது குறைவாக இருந்தது, எடையும் குறைவாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்போடு முறிந்துபோகும் நம் ஊர் டயட்டுகளுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

பரோட்டாவைப் பிரித்துப் பார்ப்போம்

இந்த ஊர்க்காரர்கள் டயட்டில் முதலில் தூக்கும் பொருள் பரோட்டா என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். கடையில் நின்று கவனித்துப் பாருங்கள். மைதாவில் உப்பும் தண்ணீரும் கொஞ்சம் எண்ணெயும் விட்டு அடித்துப் பிசைகிறார் மாஸ்டர். உருண்டை பிடித்து எண்ணெய் தடவி ஊறவிடுகிறார். ஊறிய உருண்டையை மேடையில் தட்டி, இரண்டு கையாலும் வீசி, அடியில் இருக்கும் மேடை தெரியும் அளவுக்கு மெல்லிசாக்குகிறார். மடித்துச் சுருட்டி, மறுபடி தட்டிக் கல்லில் போட்டு, ஓரத்தில் எண்ணெயைச் சுற்றி விடுகிறார். இரண்டு பக்கமும் சிவந்ததும் நாலைந்தை அடுக்கி, பக்கவாட்டில் கையால் அடித்து உதிர்க்கிறார். அந்த அடியில்தான் அடுக்கு பிரியும், வாசனையும் எழும்பும். இதை விரும்பிச் சாப்பிடுகிறவரைக் குற்றவாளியாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இப்போது கணக்கு. ஓர் உருண்டையில் 60 கிராம் மைதா என்று வைத்தால் 210 கலோரி. உள்ளும் புறமுமாக இரண்டு டீஸ்பூன் எண்ணெய் என்றால் இன்னொரு 80. ஆக ஒரு பரோட்டா ஏறத்தாழ 300. வழக்கமாக நாலு சாப்பிடுகிறவர் 1,200 கலோரியைத் தொட்டுவிடுகிறார், சால்னா தனி. அதே இலையில் இரண்டு பரோட்டா, ஒரு முட்டையில் ஆம்லெட், கொஞ்சம் சால்னா என்றால் 750க்குள் முடிந்துவிடும். “அண்ணே, மேல நிக்கிற எண்ணெயை ஒதுக்கிட்டு ஊத்துங்க” என்று கேட்டால் எந்தக் கடையிலும் கோபிக்க மாட்டார்கள்.

நாற்பது வயது, 75 கிலோ எடை, உட்கார்ந்து பார்க்கும் வேலை உள்ள ஒரு பெண்ணின் உடலுக்கு நாளொன்றுக்கு 1,800லிருந்து 1,900 கலோரிவரை செலவாகும். அவர் 1,500 கலோரியில் நின்றால் எடை குறையும். வாரத்துக்கு 10,500. மாதச் சம்பளத்தில் வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை எல்லாம் ஒதுக்கிவிட்டு தீபாவளிப் புடவைக்கும் ஒரு தொகை எடுத்து வைக்கிறோம் இல்லையா? 10,500ல் 750 என்பது நூற்றில் ஏழு பங்கு. பரோட்டா சாப்பிடும் நாளிலேயே அதை அடக்கவும் முடியும். காலையில் மூன்று இட்லி, சாம்பார். மதியம் பாதி அளவு சோறு, நிறையக் கீரையும் பீன்ஸ் பொரியலும், பருப்பு, மோர். ராத்திரி பரோட்டா. அன்றைய கணக்கு 1,500ஐ ஒட்டித்தான் நிற்கும்.

இப்படிப் போனால் மாதத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் குறையும். உடம்பு இளைக்க இளைக்க அதன் தேவையும் குறைவதால் பிறகு வேகம் மட்டுப்படும். ‘பத்து நாளில் பத்து கிலோ’ விளம்பரங்களுக்கு முன்னால் இது சொற்பமாகத் தெரியலாம். வாரத்துக்கு அரைக் கிலோ குறைவதே பாதுகாப்பான வேகம் என்கிறது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். நாளைக்கு 1,000 கலோரிக்குக் கீழே இறங்கவே கூடாது என்றும் எச்சரிக்கிறது.

வேண்டாமலே சாப்பிடுவது

அப்படியானால் எதை விடுவது? இங்கேதான் நம்மில் பலரும் தவறான பொருளின் மேல் கைவைக்கிறோம். ஆசையாகச் சாப்பிடுவதை விட்டுவிட்டு, ஆசையே இல்லாமல் சாப்பிடுவதைத் தொடர்கிறோம்.

டீயிலிருந்து தொடங்கலாம். கடை டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 10 கிராம். நாலு டீ குடித்தால் 40 கிராம். 2024ல் வெளியான தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டி, ஒரு நாள் முழுவதற்குமான சேர்க்கைச் சர்க்கரையை 25 கிராமுக்குள் வைக்கச் சொல்கிறது. அந்த 40 கிராம் சர்க்கரையால் மட்டும் வாரத்துக்கு 1,120 கலோரி சேருகிறது. மேலே பார்த்த பரோட்டாச் சாப்பாட்டில் ஒன்றரை மடங்கு! அந்த நாலு டீயில் எத்தனையை நாம் ருசித்துக் குடித்தோம்? காலையில் குடிக்கும் முதல் டீ வேண்டும், சரி. மற்ற மூன்றும்? பக்கத்தில் இருப்பவர் கூப்பிட்டார், பஸ் வரத் தாமதமானது, கை சும்மா இருந்தது. முதல் டீயில் இருக்கும் சர்க்கரை இருக்கட்டும். மற்றவற்றைச் சர்க்கரை இல்லாமல் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

டீயோடு கைக்கு வரும் ஆறிப்போன வடையும் அப்படித்தான். ஒரு மெதுவடை, அளவையும் எண்ணெய் குடித்ததையும் பொறுத்து, 120லிருந்து 150 கலோரி. வாரத்தில் ஆறு நாள் என்றால் ஒரு பரோட்டா விருந்து அதிலேயே தீர்ந்துவிடுகிறது. சூடாக, முறுகலாக, சட்னியோடு வரும் வடை உங்களுக்கு உயிர் என்றால் அதையே வாரத்தின் விருந்தாக வையுங்கள். பரோட்டா அந்த வாரம் ஒதுங்கிக்கொள்ளட்டும். பொரித்துப் பொரித்து எண்ணெய் கறுத்துப்போன சட்டியிலிருந்து வருவதை மட்டும் எந்தக் கணக்கிலும் சேர்க்க வேண்டாம். பொரித்த எண்ணெயில் கேடான சேர்மங்கள் 25 சதவிகிதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே விதி வைத்திருக்கிறது. கறுத்த, நுரைத்த, புகையும் எண்ணெய் நம் கண்ணுக்கே தெரியும்.

வீட்டுக்குள் இருக்கும் பெரிய சங்கதி எண்ணெய் கேன். நாலு பேர் உள்ள வீட்டில் மாதத்துக்கு மூன்று லிட்டர் செலவானால் தலைக்கு ஒரு நாளைக்கு 25 மில்லி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரி உணவுக்குச் சொல்லும் 27 கிராம் கொழுப்புக்குள் அது அடங்கும். ஐந்து லிட்டர் கேன் மாதம் முடியும் முன்னே காலியாகிற வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. அங்கே தலைக்கு 41 மில்லிக்கு மேல். கூடுதலாகப் போகும் 16, 17 மில்லி ஒரு நாளைக்கு 135 கலோரி, மாதத்துக்கு நாலாயிரம் கலோரி. உடலில் சேர்ந்தால் அரைக் கிலோ கொழுப்பு! யாரும் அதை ஆசைப்பட்டுச் சாப்பிடவில்லை. உருளைக்கிழங்கு வறுவலில், தோசைக்கல்லில், தாளிப்பில் கை தன்பாட்டுக்கு ஊற்றிய எண்ணெய் அது. கேனிலிருந்து நேராக ஊற்றாமல் வாரத்துக்கு வேண்டியதைச் சின்ன பாட்டிலில் அளந்து எடுத்து வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். குழந்தை மிச்சம் வைத்த அரைத் தோசை, வீணாகிவிடுமே என்று வழித்துப் போட்டுக்கொண்ட கடைசிக் கரண்டி சாம்பார் சாதம், ராத்திரி பதினொரு மணிக்குப் பாத்திரம் கழுவும் முன் வாயில் போட்ட ரெண்டு அப்பளம். வீட்டின் மிச்சம் முழுவதும் அம்மாவின் வயிற்றுக்குப் போக வேண்டும் என்பது எழுதாத சட்டமாக இருக்கிறது. அவர் எடை போட்டால் ‘கட்டுப்பாடு இல்லை’ என்ற பேச்சும் அவருக்கே. மிச்சத்தை யார் சாப்பிடுவது என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். குறைவாகச் சமைப்பதையும் பேசுங்கள். அதிக எடையுள்ள பெண்கள் 40 சதவிகிதத்தைத் தாண்டிப் போனதில் இதற்கும் பங்கு இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

சீட் டே வேண்டாம்

வாரம் முழுக்கப் பட்டினி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லாவற்றுக்கும் அனுமதி என்ற ‘சீட் டே’ முறையை இப்போது இளைஞர்கள் பின்பற்றுகிறார்கள். ஜிம்மிலிருந்து பரவிய பழக்கம் இது. நான் சொல்வதும் அதுவும் ஒன்றில்லை. ஆறு நாள் சேர்த்த 2,000 கலோரி மிச்சத்தை ஒரு பிரியாணி, ஒரு கிரில் சிக்கன், இரண்டு ஐஸ்கிரீம், ஒரு பெரிய குளிர்பானம் ஒரே சாயங்காலத்தில் கரைத்துவிடும். அமெரிக்காவில் எடையைக் குறைத்து, அதை நிலைநிறுத்தியவர்களைப் பல ஆண்டுகளாகப் பின்தொடரும் பதிவேடு ஒன்று 1994லிருந்து இருக்கிறது. அதில் உள்ளவர்களை ஆராய்ந்து 2004ல் வெளியான முடிவு, வார நாளிலும் வார இறுதியிலும் ஒரே சீராகச் சாப்பிட்டவர்கள் எடையைத் தக்கவைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஒன்றரை மடங்காக இருந்தது என்கிறது. விருந்து என்பது ஒரு வேளை. ஒரு நாள் முழுக்க நீளக் கூடாது.

நடந்து கரைத்துவிடலாம் என்ற நம்பிக்கையும் அவ்வளவு உதவாது. 70 கிலோ உள்ளவர் ஒரு மணி நேரம் விறுவிறுவென்று நடந்தால் 250 கலோரி போகும், ஒரு பரோட்டாகூட முழுசாகக் கரையாது. ஆனாலும் நடங்கள். 2023 நவம்பரில் தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் காட்டியது. அதில் நடப்பதன் பலன் இதயத்துக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் உண்டு. சென்னையில் மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் குழு நடத்தி 2006ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர் இருந்தார்கள். அவர்களில் உணவையும் நடையையும் சீர்செய்த பிரிவினருக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவிகிதம் குறைந்தது. எடையில் பெரிய மாற்றம் இல்லாமலேயே கிடைத்த பலன் இது.

நம் மண்ணின் விருந்து

ஆசைப்பட்டுச் சாப்பிடுவது என்றால் மைதாவும் சர்க்கரையும்தான் என்று ஆகிவிட்டது வருத்தமான விஷயம். திண்டிவனத்தில் உள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் நிலக்கடலைக்குப் பேர்போனது. இங்கே 1940ல் வெளியான ‘டி.எம்.வி. 2’ ரகம் நாட்டின் பல மூலைகளில் பல பத்தாண்டுகள் விளைந்திருக்கிறது. அதன் முன்னெழுத்துகளே திண்டிவனத்தைக் குறிப்பவை. இவ்வளவு பெருமையுள்ள கடலையை விட்டுவிட்டு நாம் பாக்கெட் சிப்ஸைக் கிழிக்கிறோம். ஒரு கைப்பிடி, 30 கிராம் வறுகடலையில் 170 கலோரி இருக்கிறது, கூடவே ஏழு கிராம் புரதமும் இருக்கிறது. அவித்த கடலை இன்னும் நல்லது. தொலியை உரித்து உரித்துச் சாப்பிடுவதால் கை வேகம் குறையும், வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போக நேரம் கிடைக்கும். இனிப்பு வேண்டும் என்றால் 30 கிராம் கடலைமிட்டாய் 150 கலோரிக்குள் அடங்கும். ஒன்றோடு பாக்கெட்டை மடித்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெயில் காலத்தில் விக்கிரவாண்டிப் பக்கம் பனையிலிருந்து இறங்கும் நுங்கில் மூன்று கண் சாப்பிட்டாலும் 100 கலோரி தொடுவது அரிது. தை மாதத்துப் பனங்கிழங்கு, ஆடியில் மாரியம்மனுக்கு ஊற்றும் கூழ் எல்லாம் வயிறு நிறையச் சாப்பிடக்கூடிய விருந்துகள். 60 கிராம் கம்பு மாவில் கரைத்த கூழ் 200 கலோரியைச் சற்றே தாண்டும். அதற்குத் தொட்டுக்கொள்ளப் பொரித்த வடகமும் மோர்மிளகாயும் கை நிறைய எடுத்தால் கணக்கு மாறிவிடும், சின்ன வெங்காயமும் மாங்காய்த் துண்டும் போதும்.

கல்யாண வீட்டுப் பந்திதான் கடினமான பரீட்சை. முகூர்த்த மாதங்களில் ஒரே வாரத்தில் மூன்று பத்திரிகை வரும். பரிமாறுகிறவர் அத்தையோ மாமாவோ, “இன்னும் ஒரு கரண்டி வெச்சுக்கம்மா” என்பார். வேண்டாம் என்று தட்டிப் பேசுவதைவிட “போதும் அத்தை, அந்த அவியல் இன்னும் கொஞ்சம் வைங்க” என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கும் மனம் நிறையும். காய்கறியையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போவது சர்க்கரை ஏறும் வேகத்தையும் குறைக்கிறது. காய்கறியும் கோழியும் முதலில், ரொட்டி கடைசியில் என்று நியூயார்க்கின் வைல் கார்னல் மருத்துவக் கல்லூரியில் செய்து பார்த்த சிறிய சோதனை ஒன்றில், சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை 37 சதவிகிதம் குறைவாக இருந்தது. இனிப்பில் இரண்டு மூன்று இருந்தால் எது உங்களுக்குப் பிரியமோ அதை மட்டும் முழுசாகச் சாப்பிடுங்கள். மற்றவற்றைக் கடமைக்குத் தொட வேண்டியதில்லை.

இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இந்தக் கணக்கைத் தாங்களாகப் போடக் கூடாது. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு ஒரு வேளையைக் குறைத்தாலே சர்க்கரை அபாயமாகத் தாழலாம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். போகும்போது ‘எனக்குப் பரோட்டா பிடிக்கும், வாரத்தில் ஒரு நாள் வேண்டும்’ என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்துவிட்டால் மருத்துவர் எழுதித் தரும் உணவுப் பட்டியல் வேறு யாருக்கோ எழுதியதாகத்தான் இருக்கும்.

கடைக்காரர்களிடமும் கேட்க ஒன்று இருக்கிறது. பிரியாணியில் அரை பிளேட் இருப்பது போல எல்லாவற்றிலும் சின்ன அளவு வேண்டும். ஒற்றைப் பரோட்டா கேட்கிறவரை ஏற இறங்கப் பார்க்காத கடை வேண்டும். டீயில் சர்க்கரை கலக்குமுன் ‘எவ்வளவு?’ என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். விழுப்புரம் நடைமேடையிலும் திண்டிவனம் பேருந்து நிலையத்திலும் வடைத் தட்டு கண்ணில் படும் அதே உயரத்தில், அதே விலையில் சுண்டலும் அவித்த கடலையும் இருக்க வேண்டும். செலவில்லாத மாற்றம் இது, நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.